டியூபோடு வீடு திரும்புகிறவர்கள்

தமிழக அரசு மருத்துவமனைகளில் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை 2009-ல் வடசென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் தொடங்கியது. திருவள்ளூர், கும்மிடிப்பூண்டிக்காரர்களுக்குப் பக்கத்து ஆஸ்பத்திரி அது. அறுவையைப் பற்றிச் செய்தி வருகிறது. வீட்டுக்கு வந்தபின் நகரும் வாரங்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

வயிற்றில் சேரும் நீரையும் ரத்தத்தையும் வெளியேற்ற வைக்கும் டியூபைப் பலருக்கு ஆஸ்பத்திரியிலேயே எடுத்துவிடுவார்கள். நீர் வடிவது குறையாத சிலர் அதோடுதான் வீடு வருவார்கள். அதன்பின் மனைவியோ அம்மாவோதான் நர்ஸ். கையை சோப்பு போட்டுக் கழுவி, குடுவையின் மூடியைத் திறந்து, நீரை அளவுக் கோப்பையில் ஊற்றி, கண் மட்டத்தில் வைத்து எத்தனை மில்லி என்று பார்த்து, தேதி, நேரத்தோடு நோட்டில் எழுத வேண்டும். அமுக்கு குடுவையாக இருந்தால் காற்றுப் போக நன்றாக அமுக்கிப் பிடித்தபடியே மூட வேண்டும். விட்டுவிட்டு மூடினால் உறிஞ்சாது. குடுவை எப்போதும் காயத்துக்குக் கீழே, சட்டையில் ஊக்கு குத்தித் தொங்க வேண்டும். தரையில் கிடக்கக் கூடாது.

நிறம்தான் முக்கியம். இளஞ்சிவப்பு நாளாக நாளாக வைக்கோல் நிறமாக வெளுத்தால் நல்லது. பச்சையோ அடர்மஞ்சளோ வந்தால் பித்தம் கசிகிறதோ என்று பார்க்க வேண்டும். திடீரென்று ரத்தச் சிவப்பானாலும், வடிவது சட்டென நின்று வயிறு வலித்தாலும், காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. எதிர்ப்புச் சக்தியை மருந்தால் அடக்கி வைத்திருக்கும் உடம்பில் சின்னக் காய்ச்சலும் பெரிய கிருமித் தொற்றாக இருக்கலாம்.

இத்தனையும் எழுதிய டிஸ்சார்ஜ் சம்மரி ஆங்கிலத்தில் இருக்கிறது. தமிழில் ஒரு பக்கம் எழுதித் தருவது என்ன கஷ்டம்? கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை செய்யும் பீகார், ஒடிசா குடும்பங்களுக்கு அவர்கள் மொழியிலும் வேண்டும்.

டியூப் போனாலும் மாத்திரை போகாது. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் டாக்ரோலிமஸை வழக்கமாக 12 மணிக்கொரு தரம், ஆயுள் முழுக்க விழுங்க வேண்டும். ரத்தத்தில் அதன் அளவைப் பார்க்கும் நாளில் மட்டும் ரத்தம் கொடுத்த பிறகு காலை மாத்திரை. உடம்புவலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக் அதோடு சேர்ந்தால் கிட்னியைக் கெடுக்கலாம். நாட்டு மருந்தும் டாக்டரைக் கேட்காமல் கூடாது.

வாரத்துக்கொரு ஷிப்ட் மாறும் தொழிலாளிக்கு இந்த 12 மணிக் கணக்கு எளிதல்ல. இப்படி வேலைக்குத் திரும்புகிறவர்களுக்கு நைட் ஷிப்டும் தூசி பறக்கும் ரோலிங் மில் பகுதியும் வேண்டாமென்று கம்பெனிகள் எழுத்தில் விலக்கு தர வேண்டும். கேட்க உரிமை உண்டென்று தொழிலாளிக்கும் சொல்ல வேண்டும்.