தூங்கும் லேப்டாப்பை எழுப்பலாமா?

குட்டீஸ்... உங்கள் வீட்டு பீரோ மேலேயோ, பரணிலோ பழைய லேப்டாப் ஒன்று தூசி படிந்து கிடக்கிறதா? தமிழக அரசு, 2011ம் ஆண்டில், அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளின் பிளஸ் 2 மாணவர்களுக்கு விலையில்லா லேப்டாப் வழங்கத் தொடங்கியது. உங்கள் அக்காவோ, சித்தப்பாவோ அப்படி வாங்கியதாகக்கூட இருக்கலாம்.

'பழசுதானே... தூக்கிப் போடு' என்பார்கள் வீட்டில். அவசரப்படாதீர்கள்! இப்போது நம்மோடு இல்லாத தாத்தாவின் போட்டோ, நீங்கள் தவழ்ந்த வீடியோ எல்லாம் அதற்குள் இருக்கலாம்.

சரி, பட்டனை அழுத்தினால் ஒன்றுமே நடக்கவில்லை. என்ன செய்வது? டாக்டர் நாடி பிடிப்பதுபோல், ஒவ்வொன்றாகச் சோதிப்போம். அப்பா, அம்மா அல்லது அண்ணனைப் பக்கத்தில் வைத்துக் கொள்ளுங்கள்.

முதலில் அடிவயிற்றைப் பார்!

லேப்டாப்பைத் திருப்பி, பேட்டரி இருக்கும் இடத்தைப் பாருங்கள். அப்பளம் போல உப்பியிருக்கிறதா? அப்படியானால் சார்ஜ் போடவே கூடாது. லித்தியம் அயான் பேட்டரி கெட்டுப் போனால் உள்ளே வாயு சேரும், அதனால்தான் உப்பல். அதை அழுத்தினாலோ, குத்தினாலோ தீப்பிடிக்கும். அப்படியே வைத்துவிட்டு பெரியவர்களிடம் சொல்லுங்கள்.

மின்சாரம் வருகிறதா?

உப்பல் இல்லையா? அடுத்த சோதனை. அதே பிளக் பாயின்ட்டில் செல்போன் சார்ஜரைச் செருகுங்கள். போன் சார்ஜ் ஆனால் பாயின்ட் நன்றாக இருக்கிறது. இப்போது லேப்டாப் சார்ஜரைச் செருகுங்கள். லேப்டாப் ஓரத்தில் சின்ன விளக்கு எரிகிறதா? எரியாவிட்டால் சார்ஜர் மீது சந்தேகப்படலாம். வேறு சார்ஜர் போட்டுப் பார்ப்பதானால், அதில் அச்சடித்துள்ள வோல்ட் அளவும் முனையும் பழைய சார்ஜரைப் போலவே இருக்க வேண்டும். ஆம்பியர் அளவு குறையக் கூடாது.

30 விநாடி வைத்தியம்!

பல பழைய லேப்டாப்களில் பேட்டரியைத் தனியாகக் கழற்றலாம். சார்ஜரையும் பேட்டரியையும் எடுத்துவிட்டு, பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். பிறகு பேட்டரி இல்லாமல், சார்ஜரை மட்டும் செருகி பட்டனை அழுத்துங்கள். சில நேரம் லேப்டாப் உடனே எழுந்துவிடும்! எழுந்தால் குற்றவாளி பேட்டரியாக இருக்கலாம்.

விளக்கு எரியுது... திரை இருட்டு!

மின்விசிறி சுற்றுகிறது, ஆனால் திரையில் ஒன்றும் இல்லையா? அறையை இருட்டாக்கி, டார்ச் வெளிச்சத்தைத் திரையில் சாய்வாக அடியுங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால், லேப்டாப் வேலை செய்கிறது. திரைக்குப் பின்னால் இருக்கும் விளக்குதான் போய்விட்டது. கேபிள் இருந்தால் டிவியிலோ, மானிட்டரிலோ இணைத்தும் பார்க்கலாம்.

'பீப்... பீப்' சத்தம் கேட்கிறதா? எண்ணிக் குறித்துக் கொள்ளுங்கள். கம்ப்யூட்டர் கண் விழித்ததும், நினைவகம் இருக்கிறதா, மற்ற பாகங்கள் இருக்கின்றனவா என்று தன்னைத்தானே சோதித்துக் கொள்ளும். திரையில் காட்ட முடியாதபோது, சத்தமாகச் சொல்லும். எத்தனை பீப்புக்கு என்ன அர்த்தம் என்பது தயாரிப்பைப் பொறுத்து மாறும். பல நேரம் 'ராம்' எனும் நினைவகப் பலகைதான் காரணம். மெக்கானிக் அண்ணன் அதைக் கழற்றி, துடைத்து, திரும்பச் செருகினாலே சரியாகிவிடுவதும் உண்டு.

எழுத்து வருது... உள்ளே போகலை!

கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் வந்து நின்றுவிட்டதா? முதலில், பென் டிரைவ் செருகியிருக்கிறதா என்று பாருங்கள். லேப்டாப் அதில் விண்டோஸைத் தேடி ஏமாந்து நிற்கும்!

தேதி தப்பாகக் காட்டுகிறதா? கடிகாரத்தை ஓட வைக்கும் காசு போன்ற சின்ன பேட்டரி தீர்ந்திருக்கலாம். விலை குறைவுதான், கடையில் மாற்றித் தருவார்கள்.

'டிக்... டிக்...' ஆபத்து!

உள்ளிருந்து டிக், டிக் என்று சத்தம் விடாமல் வருகிறதா? உடனே அணைத்துவிடுங்கள். ஹார்டு டிஸ்க்கில் ஒரு தட்டு, பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றும். அதைப் படிக்கும் முனை, தட்டைத் தொடாமல், தலைமுடியின் தடிமனைவிடப் பல மடங்கு குறைந்த இடைவெளியில் மிதக்கும். அது பழுதானபின் மீண்டும் மீண்டும் ஆன் செய்தால், முனை தட்டைக் கீறி, போட்டோக்கள் நிரந்தரமாக அழியலாம்.

இதை மறக்காதீங்க!

கடைக்குக் கொண்டு போனால், 'பார்மட் செய்துவிடலாமா?' என்று கேட்பார்கள். சரி என்று தலையாட்டாதீர்கள்! பார்மட் செய்தால் உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும். 'முதலில் போட்டோக்களை எடுத்துக் கொடுங்க அண்ணா' என்று சொல்லுங்கள். லேப்டாப் உயிர் பிழைக்காவிட்டாலும், ஹார்டு டிஸ்க் நன்றாக இருந்தால், அதைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் இணைத்துப் படிக்க முடியும்.

விளக்கு எரிந்ததா, எத்தனை பீப், திரையில் என்ன எழுத்து... எல்லாவற்றையும் தாளில் எழுதி மெக்கானிக்கிடம் கொடுங்கள். அவருக்குப் பாதி வேலை மிச்சம்!

என்ன குட்டீஸ்... ஞாயிற்றுக்கிழமை பரணில் ஏறச் சொல்லி அப்பாவைக் கேட்கலாமா? தாத்தா உள்ளே சிரித்துக்கொண்டு காத்திருக்கலாம்!