சபை கூடும் இடம்: காணொளிக் கூட்டம் பற்றி இங்கிலாந்து கண்ட அனுபவம்

ஊர்ப் பொதுக்காரியங்களை நடத்தும் சபையின் அங்கத்தினர்கள் ஓரிடத்தில் கூடாமல், அவரவர் வீட்டிலிருந்தபடியே காணொளி வாயிலாகப் பேசித் தீர்மானம் செய்தால், அத்தீர்மானம் செல்லுமா என்னும் கேள்வி பல தேசங்களில் எழுந்துள்ளது. இதில் சௌகரியம் ஒன்றையே கருதுவோர் பலர். ஆயினும் முதலில் ஆராய வேண்டியது சௌகரியமன்று. சபையை உண்டாக்கிய சட்டத்தின் வாசகமே. இங்கிலாந்தில் நடந்ததைக் கவனித்தால் இது நன்கு விளங்கும்.

அத்தேசத்தில் பாரிஷ் கவுன்சில், டவுன் கவுன்சில் எனப்படும் சிறு ஊர்ச் சபைகள் சுமார் 10,000 உள்ளன. இடுகாடு, நடைபாதை, விளையாட்டு மைதானம் முதலியவற்றைப் பராமரித்தலும், காய்கறி பயிரிட விரும்புவோர்க்குச் சிறு நிலத் துண்டுகளைக் குத்தகைக்கு விடுதலும் இவற்றின் வேலைகளாம். இவற்றின் செலவுக்கு ஊர் ஜனங்களே வரி கொடுக்கின்றனர். ஆகையால் கூட்டம் சட்டப்படி கூடியதா என்பது வரி கொடுப்போருக்கும் குத்தகைதாரருக்கும் நேராகச் சம்பந்தப்பட்ட விஷயமாகும்.

இச்சபைகளின் கூட்டங்களுக்கு 1972-ஆம் ஆண்டின் ஸ்தல ஸ்தாபனச் சட்டம் விதிகளை வகுத்தது. கூட்டத்திற்கு 3 முழு நாட்களுக்கு முன் அறிவிப்பு ஒட்டப்பட வேண்டும். அங்கத்தினரில் மூன்றிலொரு பங்கினர், எவ்விதத்திலும் 3 பேருக்குக் குறையாமல், வந்திருக்க வேண்டும். வேறு ஜாகை இலவசமாகவோ நியாயமான வாடகைக்கோ கிடைக்குமாயின், மதுபானம் விற்கும் இடத்தில் கூடலாகாது. 6 மாத காலம் ஒரு கூட்டத்திற்கும் வாராத அங்கத்தினர், சபை அக்காரணத்தை ஒப்புக்கொண்டாலன்றிப் பதவியை இழப்பார். ஜனங்கள் கூட்டத்தைக் காணும் உரிமையை 1960-ஆம் ஆண்டுச் சட்டம் அளித்தது. பிற்காலத்தில் பிரதம மந்திரியான மார்கரெட் தாட்சர், பார்லிமெண்டுக்குப் புதிதாக வந்திருந்த சமயத்தில் கொண்டுவந்த மசோதா அது.

2020-இல் கொரோனா நோய் பரவியபோது ஓரிடத்தில் கூடுவது அபாயமாயிற்று. ஆகவே அவ்வாண்டு ஏப்ரல் 4 முதல் அமலுக்கு வந்த விசேஷ விதிகள், காணொளி வாயிலாகவும் தொலைபேசி வாயிலாகவும் கூட்டம் நடத்த இடந்தந்தன. ஆனால் கலந்துகொள்ளும் அங்கத்தினர் பிறர் பேசுவதைக் கேட்கவும், தாம் பேசுவது பிறருக்குக் கேட்கவும் வசதி இருந்தே தீர வேண்டும். கூடுமானால் ஒருவரையொருவர் பார்க்கவும் வேண்டும். முதியோரும், தூரத்தில் வசிப்போரும், வீட்டில் நோயாளியைப் பராமரிப்போரும் இதனால் நன்மையடைந்தனர்.

குறையும் ஒன்று வெளிப்பட்டது. செஷயரைச் சேர்ந்த ஹாண்ட்ஃபோர்த் பாரிஷ் சபையின் 2020 டிசம்பர் மாதத்துக் காணொளிக் கூட்டத்தில், யாருக்கு அதிகாரம் என்பது பற்றித் தகராறு மூண்டது. கூட்டத்தை நடத்த உதவிய அதிகாரி, சபைத் தலைவரையே கூட்டத்தினின்றும் வெளியேற்றிவிட்டார். 2021 பிப்ரவரியில் இக்காட்சி உலகெங்கும் பரவியது. மண்டபத்தில் தலைவருக்குள்ள அதிகாரம், காணொளியில் பொத்தான் யார் கையில் இருக்கிறதோ அவரிடம் போய்விடலாம் என்பதை இது காட்டிற்று.

மேற்படி விசேஷ விதிகள் 2021 மே 7-ஆம் தேதிக்கு முன் நடக்கும் கூட்டங்களுக்கே பொருந்தும். காலாவதிக்குப் பின்னும் பழைய சட்டத்தின்கீழ் காணொளிக் கூட்டம் நடத்தலாமென வாதாடி, ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் கவுண்டி கவுன்சில் முதலியோர் ஐகோர்ட்டை அடைந்தனர். 2021 ஏப்ரல் 28-இல் தீர்ப்பு வந்தது. 1972-ஆம் ஆண்டுச் சட்டத்திலுள்ள ‘கூட்டம்’, ‘இடம்’, ‘வந்திருத்தல்’ என்னும் சொற்கள் அங்கத்தினர் நேரில் ஓரிடத்தில் கூடுவதையே குறிக்கும். மாற்ற வேண்டுமாயின் அது பார்லிமெண்டின் வேலை என்று நீதிபதிகள் கூறினர். ஓராண்டுக்கு மேல் வழங்கிய பழக்கம் ஒரு தேதியோடு நின்றது. கூட்டத்தைப் பிறர் காண ஒளிபரப்பலாம்; ஆனால் வீட்டிலிருக்கும் அங்கத்தினரைக் கோரத்தில் சேர்க்கவோ, அவரது வோட்டை எண்ணவோ இயலாதாயிற்று.

அண்டைப் பிரதேசங்களில் இத்தொல்லை நேரவில்லை. ஸ்காட்லாந்தில் 2003-ஆம் ஆண்டுச் சட்டமே இதற்கு வழி செய்திருந்தது. வேல்ஸில் 2021-ஆம் ஆண்டுச் சட்டம், தூரத்திலிருந்து கலந்துகொள்ளும் வசதியைச் சபைகள் ஏற்படுத்தியே ஆகவேண்டுமென விதித்தது. இந்தியாவின் 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டமும் டைரக்டர்கள் காணொளி வாயிலாகக் கலந்துகொள்ள இடந்தந்து, நடவடிக்கைகளைத் தேதியுடனும் நேரத்துடனும் பதியத்தக்க சாதனம் வேண்டுமென்றது. எனினும் கம்பெனிக்குச் சொல்லியது ஊர்ச் சபைக்குத் தானே பொருந்திவிடாது.

ஆகவே இத்தகைய கூட்டம் நடத்தக் கருதுவோர் கவனிக்க வேண்டியவை:

1. தங்கள் சபைக்குரிய சட்டமோ விதியோ இதற்கு வெளிப்படையாக இடந்தருகிறதா என்று முதலில் பார்த்தல்.

2. அனுமதிக்குக் கால வரம்பு உண்டாயின், அத்தேதியைக் குறித்து வைத்தல்.

3. தொடக்கத்தில் ஒவ்வொருவர் பெயரையும் அழைத்து, கோரம் உள்ளதா எனப் பார்த்து, நடவடிக்கைப் புஸ்தகத்தில் எழுதுதல். நடுவில் இணைப்பு அறுந்தால் மீண்டும் எண்ணுதல்.

4. ஒருவரை உள்ளே விடவும் வெளியேற்றவும் யாருக்கு அதிகாரம் என்பதை முன்னரே தீர்மானித்தல்.

5. கருவியும் இணைப்பும் இல்லாத ஜனங்களும் கூட்டத்தைக் காணவும் கேட்கவும் ஊரில் ஓரிடம் ஏற்படுத்துதல்.

முதலாவது இல்லையெனில் மற்ற நான்கையும் செவ்வனே செய்தும் பயனில்லை. அவ்விதக் கூட்டத்தில் விதித்த வரியும் விட்ட குத்தகையும் பின்னர் ஆட்சேபணைக்கு இடமாகும். அதன் நஷ்டம் ஊராரையே சாரும்.