நீச்சல் கண்ணாடிக்குள் நீர் புகுந்தும் தங்கம்: மனக்காட்சிப் பயிற்சி என்றால் என்ன?

அல்வால் (ஹைதராபாத்): களத்தில் இறங்கும் முன்பே ஆட்டத்தை மனத்துக்குள் ஆடிப் பார்ப்பதே மனக்காட்சிப் பயிற்சி. அல்வாலை அடுத்த ஹக்கீம்பேட்டையில் உள்ள தெலங்கானா மாநில விளையாட்டுப் பள்ளி போன்ற உறைவிடப் பள்ளிகளின் மாணவர்களும் செலவின்றி மேற்கொள்ளக்கூடிய பயிற்சி இது.

பதக்கம் பெறுவதாகக் கற்பனை செய்வது மட்டும் போதாது. இடையூறு நேர்ந்தால் எடுக்க வேண்டிய முடிவையும் ஒத்திகை பார்க்க வேண்டும். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கின் 200 மீட்டர் பட்டர்ஃபிளை இறுதிப் போட்டியில், அமெரிக்க வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸின் நீச்சல் கண்ணாடிக்குள் நீர் புகுந்து பார்வையை மறைத்தது. பதற்றமடையாமல் கைவீச்சுகளை எண்ணியபடி நீந்திய அவர், 1 நிமிடம் 52.03 விநாடிகளில் உலக சாதனையுடன் தங்கம் வென்றார். இத்தகைய இடர்களையும் முன்னரே மனத்தில் கண்டு பழகியிருந்ததாக அவர் கூறியுள்ளார்.

பால் ஹோம்ஸ், டேவ் காலின்ஸ் ஆகியோர் 2001-இல் முன்வைத்த முறைப்படி, போட்டி உடை அணிந்து, இயன்றால் ஆடுகளத்திலேயே நின்று, உண்மையான வேகத்தில் காட்சியை மனத்தில் ஓடவிட வேண்டும். நெஞ்சின் படபடப்பும் அதில் இடம்பெற வேண்டும். கபடி வீரர் எனில், ரெய்டின்போது எதிரணியினர் சூழ்ந்தால் போனஸ் கோட்டை நோக்கிச் செல்வதா, நடுக்கோட்டுக்குத் திரும்புவதா என்பதை இவ்வாறு முடிவுசெய்து பழகலாம். திறன் வளர வளரக் காட்சியையும் மாற்றியமைக்க வேண்டும்.

எனினும், இது களப் பயிற்சிக்கு மாற்று அன்று. முந்தைய ஆய்வுகளைத் தொகுத்து 1994-இல் ஜேம்ஸ் டிரிஸ்கெல் குழுவினர் வெளியிட்ட பகுப்பாய்வின்படி, மனப்பயிற்சி செயல்திறனை உயர்த்துகிறது; ஆனால் களப் பயிற்சி அளவுக்குப் பலன் தருவதில்லை. இரண்டையும் இணைத்துச் செய்வதே இளம் வீரர்களுக்கு ஏற்றது.