அசையாமல் திரும்பும் ஆன்டெனா

ஊட்டிக்கு அருகே முத்தோரை மலைச்சரிவில், கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் கட்டிய ரேடியோ தொலைநோக்கி 1970 முதல் இருக்கிறது. நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர். கிழக்கு மேற்காக அதை மோட்டார் உருட்டும். வடக்கு தெற்காகத் திருப்ப எந்த இரும்பும் அசைய வேண்டாம். வரிசையாக நிற்கும் 1056 சிறு ஆன்டெனாக்களில் வந்து சேரும் அலைகளைச் சற்று முன்பின்னாகத் தாமதப்படுத்திக் கூட்டினால், பார்வை வேறு திசைக்குப் போய்விடும். 5ஜி டவரில் பீம்ஃபார்மிங் என்பதும் இதே வேலைதான்; அங்கே அலையை அனுப்பவும் செய்கிறார்கள்.

அலையின் முகடும் முகடும் சேர்ந்தால் வலுக்கும். முகடும் பள்ளமும் சேர்ந்தால் அழியும். 3.5 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 8.6 செ.மீ. ஆன்டெனாக்களை அதில் பாதி, 4.3 செ.மீ. இடைவெளியில் வைக்கிறோம். எல்லாம் ஒரே கணத்தில் அனுப்பினால் கற்றை நேர் எதிரே போகும். அடுத்தடுத்த ஆன்டெனாவைக் கால் அலை தாமதப்படுத்தினால், அதாவது ஒரு நொடியில் 1400 கோடியில் ஒரு பங்கு, கற்றை 30 டிகிரி சாயும். 64 ஆன்டெனாக்கள் இப்படி ஒத்துழைத்தால், மொத்த சக்தியைக் கூட்டாமலே அந்தத் திசையில் ஒற்றை ஆன்டெனாவைப்போல் 64 மடங்கு சக்தி சேரும்.

விண்மீன் எங்கே இருக்கும் என்று முன்பே தெரியும். செல்போன் அப்படியில்லை. அதனால் டவர் பல திசைகளில் கற்றைகளை வீசிப் பார்க்கிறது. எது நன்றாகக் கேட்டது என்று போன் சொல்கிறது. பிறகு போன் அனுப்பும் அடையாள அலை ஒவ்வோர் ஆன்டெனாவுக்கும் எவ்வளவு முன்பின்னாக வந்தது என்று கணக்கிட்டு, டவர் தன் தாமதங்களைத் திருத்திக்கொண்டே இருக்கிறது.

அருங்காட்சியகமும் கோயிலும் உள்ள திருக்கோகர்ணத்தில் அப்படி ஒரு டவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அருங்காட்சியக வாசலில் ஒரு பெண் வீடியோ காலில் பேசுகிறார். கோயில் வாசலில் ஒருவர் படம் பார்க்கிறார். அவருக்குப் போகும் அலைகள் இந்தப் பெண் நிற்கும் இடத்தில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்படி தாமதங்களை அமைக்கலாம். பெண்ணுக்குப் போகும் அலைகளையும் கோயில் வாசலில் அப்படியே அழியவிடலாம். ஒரே அலைவரிசையில், ஒரே நேரத்தில் இருவருக்கும் தனித்தனிப் பாதை! எனக்கு இந்தத் துறையிலேயே மிக அழகாகத் தெரிவது இதுதான்: வேண்டிய இடத்தில் மௌனத்தை உண்டாக்குவது.

இந்தியாவில் 2022இல் நடந்த 5ஜி அலைவரிசை ஏலத்தில் 26 கிகாஹெர்ட்ஸும் விற்கப்பட்டது. அங்கே ஆன்டெனா இடைவெளி 6 மி.மீ.கூட இல்லை, நூறு ஆன்டெனாக்கள் உள்ளங்கையில் அடங்கும். ஆனால் சுவரும் மரத்தின் இலையும் நம் கையுமே அந்த அலையைத் தடுத்துவிடும். திருக்கோகர்ணம் கோயிலின் கோகர்ணேசுவரர் சன்னதியோ பாறையைக் குடைந்து அமைத்தது. அதற்குள் போன் பேச வேண்டுமென்றால் கற்றையைக் கூர்மையாக்கிப் பயனில்லை. ஆன்டெனாவைப் பக்கத்தில் கொண்டுவர வேண்டும், அல்லது தாழ்ந்த அலைவரிசைக்கு இறங்கிப் பார்க்க வேண்டும்.