விபத்து சிகிச்சையில் 3 மணி நேரக் கணக்கு: உயிர் காக்கும் ஆய்வுக் கட்டுரைகள்... எப்படி?

விபத்தில் அடிபட்டு வருபவருக்கு எந்த மருந்தை, எப்போது கொடுப்பது? அவசர சிகிச்சைப் பிரிவில் உட்கார்ந்து யோசிக்க நேரம் இருக்காது. அங்கே டாக்டர்களுக்கு வழிகாட்டுவது மருத்துவ இதழ்களில் வெளியாகும் ஆய்வு முடிவுகள்தான். 2 உதாரணங்களைப் பார்ப்போம்.

நம்பிய மருந்தே எமனானது

தலையில் பலமாக அடிபட்டால் மூளை வீங்கும். வீக்கத்தைக் குறைக்க ஸ்டீராய்டு கொடுப்பது பல ஆண்டுகளாக வழக்கத்தில் இருந்தது. உண்மையில் பலன் உண்டா? 'கிராஷ்' என்ற ஆய்வில் 10,008 பேரிடம் சோதித்தார்கள். முடிவு 2004-ல் 'தி லான்செட்' இதழில் வெளியானது.

ஸ்டீராய்டு கொடுக்கப்பட்டவர்களில் 21.1% பேர் 2 வாரத்துக்குள் இறந்திருந்தனர். வெற்று மருந்து பெற்றவர்களில் இது 17.9% மட்டுமே. ஆய்வு பாதியிலேயே நிறுத்தப்பட்டது. தலைக்காயத்துக்கு இதைக் கொடுக்க வேண்டாம் என சிகிச்சை வழிகாட்டிகளும் சொல்லிவிட்டன.

பழைய மருந்து, புதிய வேலை

அடுத்தது டிரானெக்சாமிக் ஆசிட். ஜப்பானில் 1960-களில் உருவான விலை குறைந்த மருந்து. ரத்தக் கசிவை அடைக்கும் கட்டி சீக்கிரம் கரைந்துவிடாமல் பார்த்துக்கொள்ளும். இந்தியா உட்பட 40 நாடுகளில் 20,211 பேரிடம் நடந்த 'கிராஷ்-2' ஆய்வின் முடிவு 2010-ல் வந்தது. வெற்று மருந்து பெற்றவர்களில் 16% பேர் இறந்தனர். இந்த மருந்து பெற்றவர்களில் 14.5%. அதாவது, 1,000 பேரில் 15 உயிர்கள் கூடுதலாகப் பிழைத்தன.

3 மணி நேரம் ஏன் முக்கியம்?

அதே தகவல்களை மீண்டும் அலசி 2011-ல் இன்னொரு கட்டுரை வந்தது. அடிபட்ட 1 மணி நேரத்துக்குள் கொடுத்தால் பலன் அதிகம். 3 மணி நேரம் தாண்டினால், ரத்தப்போக்கால் இறப்பது குறைவதற்குப் பதில் கூடுகிறது! அதே ஆண்டு உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இந்த மருந்து இடம்பிடித்தது.

டாக்டரின் அனுபவம் போதாதா?

1,000 பேரில் 15 பேர் என்ற வித்தியாசம், ஒரு டாக்டரின் கண்ணுக்கோ ஒரு மருத்துவமனைக்கோ தெரியாது. ஆயிரக்கணக்கானவர்களைக் கணக்கில் எடுத்தால்தான் புலப்படும். அதை வெளியிட்டால்தான் மற்ற ஊர் டாக்டர்களுக்கும் பயன். மருந்து தோற்றாலும் வெளியிட வேண்டும். இல்லாவிட்டால் அதே தவறு இன்னோர் ஊரில் தொடரும்.

நாம் செய்ய வேண்டியது என்ன? இதை நாமே வாங்கிக் கொடுக்கக் கூடாது. விபத்தைப் பார்த்தால் வேடிக்கை பார்க்காமல் உடனே 108-ஐ அழையுங்கள். டாக்டர் கையில் இருக்கும் அந்த 3 மணி நேரம், நம் தாமதத்தால்தான் கரைகிறது.