மொரிஸ் மைனருக்கு அடிப்பூச்சு



மாத்தளைப் பக்கத்து வீட்டு முற்றங்களில் இன்னும் மொரிஸ் மைனர் கார்களைக் காணலாம். இங்கிலாந்தில் 1948 முதல் 1970களின் தொடக்கம் வரை 16 இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்ட கார் அது. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டது. இடைப்பட்ட காலத்தில் பலர் பழைய காரையே தூசு தட்டினார்கள்.

பெயின்ட் அடிப்பது என்றால் நாம் பார்ப்பது நிறத்தை. காரின் ஆயுளோ கண்ணுக்குத் தெரியாத அடிப்பூச்சில், அதாவது பிரைமரில் இருக்கிறது.

நகப்பூச்சு இருந்தால் வுழூவின் தண்ணீர் நகத்தைச் சேராது என்பது உங்களுக்குத் தெரியும். பிரைமரும் அப்படித்தான் தகட்டை மூடிவிடும் என்று நான் நினைத்திருந்தேன். சாதாரணச் சாம்பல் நிற பிரைமர் ஈரத்தை உறிஞ்சும்! வாப்பாவின் காரை அந்தப் பூச்சோடு வருடக் கடைசி மழையில் விட்டுவைத்தோம். மேலே பெயின்ட் அடித்து மூன்று மாதத்தில் கதவின் கீழே கொப்புளம் கொப்புளமாக எழும்பியது.

ஈரத்தை நன்றாகத் தடுப்பது எபொக்சி பிரைமர். துருவை முற்றாகச் சுரண்டி, எண்ணெய்ப் பசையைத் துடைத்து, வெறுங்கை படாமல் அன்றைக்கே அதைப் பூச வேண்டும். நமது ஈரக் காற்றில் வெறும் தகடு ஓர் இரவிலேயே துருப்பிடிக்கும். புட்டி, சாம்பல் பிரைமர், பெயின்ட் எல்லாம் அதற்கு மேல்தான். எட்ச் பிரைமர் என்று அமிலம் கலந்த ஒன்றும் உண்டு. அதன்மேல் நேரே புட்டி வைத்தால் பிடிக்காது. பழைய பெயின்டை விட்டுவைப்பதானால், தின்னரில் நனைத்த துணியால் தேய்த்துப் பாருங்கள். கரைந்து வந்தால், புதுப் பூச்சு அதைச் சுருங்க வைக்கலாம்.

இனி உங்களுக்கென்றே ஒரு விடயம். அக்காலப் பெயின்டில் ஈயம் இருந்திருக்கலாம். அந்தத் தூள் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். வயிற்றுப் பிள்ளையையும் விடாது. உலர்வாகத் தேய்க்க விடாதீர்கள். தண்ணீர் விட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள். அந்தச் சேறு கிணற்றுப் பக்கம் ஓடாமல் அள்ளச் சொல்லுங்கள். வேலை செய்தவரின் உடுப்பைத் தனியாகக் கழுவுங்கள். இன்னொன்று: ஹார்ட்னர் டின்னில் ஐசோசயனேட் என்று இருந்தால் முற்றத்தில் ஸ்பிரே செய்யவே கூடாது. ஆஸ்துமாவை உண்டாக்கும் பொருள் அது. மூக்கில் கட்டும் கைக்குட்டை அதைத் தடுக்காது. அந்த வேலையை அதற்கென அறையும் காற்றுக் குழாய் முகமூடியும் உள்ள கராஜுக்கு அனுப்புங்கள்.

வாப்பாவின் காரை இரண்டாம் முறை உரித்தபோது, உம்மா கிணற்றை மூடி, காய்ந்த உடுப்பையெல்லாம் எடுத்த பிறகுதான் பெயின்ட் பாஸை உள்ளே விட்டார்.