ஊர் மாறிய அணி



கூசேன்வில்லில் வேலைக் களைப்பை மறந்து கிரிக்கெட் பார்க்கக் குந்திவிடும் வீடுகள் பல. அந்த வீடுகளிலும் ‘கொச்சி ரஸ்கர்ஸ்’ என்ற பெயரைச் சொன்னால் கொஞ்சம் யோசிப்பார்கள்.

2010 இல் சுமார் 333 மில்லியன் டொலருக்கு ஏலம் போன ஐ.பி.எல் அணி அது. ஆடியதோ 2011 என்ற ஒரே பருவம். மகேல ஜெயவர்த்தன தலைவர். எங்கள் முரளிதரனும் அதில் பந்து வீசினார். சொந்த மைதான ஆட்டங்கள் 7. முதல் 5 கொச்சியில் நடந்தன. மே நடுவில் வந்த கடைசி 2 ஆட்டங்களும் மத்தியப் பிரதேசத்து இந்தூருக்குப் போய்விட்டன. 14 ஆட்டங்களில் 6 வெற்றி. புதிய அணிக்கு அது மோசமில்லை.

பிறகு ஏன் கலைந்தது? அந்த அணி ஊரின் சொத்தல்ல, ஓர் ஒப்பந்தம். உரிமையாளர் ஆண்டுதோறும் வங்கி உத்தரவாதம் கொடுக்க வேண்டும். மைதானப் பிரச்சினை, ஆட்டங்கள் குறைந்தமை என்று காரணம் சொல்லி அவர்கள் அதைக் கொடுக்கவில்லை. 2011 செப்ரெம்பரில் இந்தியக் கிரிக்கெட் சபை ஒப்பந்தத்தை முறித்தது. வழக்கு இழுபட்டு, 2025 இல் உரிமையாளருக்குச் சுமார் 538 கோடி ரூபாய் கொடுக்கும்படியான நடுவர் தீர்ப்பை மும்பை உயர் நீதிமன்றம் உறுதிசெய்தது. கொச்சி ரசிகர்களுக்கு அந்த வழக்கில் இடமே இல்லை.

இது புதிதுமல்ல. 1952 இல் அமெரிக்கப் பாணி உதைபந்தாட்டத்தில் டலஸ் அணியை, 12 ஆட்டங்களில் 7 முடிந்ததும், நட்டம் தாங்காத உரிமையாளர்கள் லீக்கிடமே திருப்பிக் கொடுத்தார்கள். மிச்சம் 5 ஆட்டங்களையும் ஊரில்லாமல் ஆடினார்கள். அந்தப் பருவத்தின் ஒரேயொரு வெற்றி அப்போதுதான் கிடைத்தது!

ஆட்டக்காரர் எங்கேயும் பிழைப்பார்கள். கொச்சியில் ஆடிய ஜடேஜா 2012 இல் சென்னைக்குப் போனார். 2023 இறுதியாட்டத்தில் கடைசி இரு பந்துகளில் 6, 4 அடித்து வென்றுகொடுத்தவரும் அவரே. அணியை இழந்து நின்றது ஊர்ச்சனம்தான்.

இதை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. பிரான்சில் எங்கள் பிள்ளைகள் விளையாடும் கழகங்கள் பெரும்பாலும் 1901 ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிந்த சங்கங்கள். அவற்றுக்கு முதலாளி இல்லை, அங்கத்தவர்தான் உண்டு. ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கணக்குக் கேட்கலாம், நிர்வாகத்தைத் தெரிவுசெய்யலாம். சிறுவருக்காகப் பெற்றோர் வாக்களிக்கலாமா என்பது கழக யாப்பில் இருக்கும், கேட்டுப் பாருங்கள். பிள்ளையை மைதானத்தில் இறக்கிவிட்டுத் திரும்பும் நாங்கள், அடுத்த பொதுக்கூட்டக் கடிதம் வரும்போது அந்த மாலையை அதற்கென்று ஒதுக்கி வைப்போம்.